தட்டத்தில் வளரும் பைன் மரம்
ஜப்பானியக் குடியானவரின் நெடுங்காலச் சாகுபடி

ஜப்பான் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிக்கோக்கு. அதன் வடகரையில் உள்நாட்டுக் கடலை நோக்கியிருக்கும் காகாவா ஜில்லாவில் மழை குறைவு, பேராறுகளும் இல்லை. ஆதலால் அங்குள்ள குடியானவர்கள் பழங்காலந்தொட்டுக் குளங்களை வெட்டி, நீரைத் தேக்கி, நெல் விளைத்து வருகின்றனர். அச்சிறு ஜில்லாவில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. ஜில்லாவின் தலைநகராகிய தகமட்சுவைச் சார்ந்த கினாஷி, கொக்குபுஞ்சி என்னும் பகுதிகளில், வயல்களுக்கும் தோட்டக்கால்களுக்கும் நடுவே வேறொரு பயிரும் காணப்படும். முழங்கால் உயரமும் இடுப்புயரமும் உள்ள பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் அடிமரம் முறுகி வளைந்திருக்கும். இளமரங்களில் கம்பி சுற்றியிருக்கும். இவையே ‘போன்சாய்’ எனப்படும் தட்டக் குறுமரங்களுக்காக வளர்க்கப்படுபவை. ஜப்பானில் உற்பத்தியாகும் பைன் போன்சாயில் சுமார் 80 சதவீதம் இப்பகுதிகளிலிருந்தே செல்வதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

நெற்பயிரில் நேர்ந்த பிழையை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். இப்பயிரில் அது இயலாது. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வேரிலும் அடிமரத்திலும் நேர்ந்த பிழை, பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே நன்கு புலப்படும். அப்பொழுது அதற்குப் பரிகாரம் செய்தல் அரிது. அத்தனை காலம் நிலமும் நீரும் உழைப்பும் அந்த மரத்தில் முடங்கிக் கிடந்திருக்கும். ஆகவே இத்தொழிலுக்கு வேண்டிய பொறுமை, குறித்த பருவத்தில் குறித்த வேலையைத் தவறாது செய்துகொண்டே காத்திருக்கும் பொறுமையாகும்.

மரம் குறுகுவதன் காரணம்

போன்சாய் மரங்கள் ஒரு தனிச் சாதி என்றும், உணவும் நீரும் கொடாமல் வாட்டியே அவை குறுக்கப்படுகின்றன என்றும் பலர் கருதுகின்றனர். இரண்டும் தவறு. தட்டத்தில் ஓரடி உயரம் நிற்கும் பைன் மரத்தின் விதையைத் திறந்த நிலத்தில் ஊன்றினால், அது ஏனைய பைன் மரங்களைப் போலவே ஓங்கி வளரும். வாட்டிய மரம் குறுகுவதற்குப் பதிலாக நலிந்து மடியும்.

மரத்தின் நுனிக்குருத்து, தனக்குக் கீழுள்ள மொட்டுகள் கிளம்பாதபடி அடக்கி வைக்கும் இயல்புடையது. நுனியைக் கிள்ளினால் அடங்கிக் கிடந்த மொட்டுகள் கிளம்புகின்றன. வளர்ச்சி உயரத்தில் செல்லாமல் பல சிறு கிளைகளாகப் பங்கிடப்படுகிறது. வேர் பரவும் இடத்தை வரையறுத்து, தடித்த வேர்களைக் கழித்து, மெல்லிய வேர்களைப் பெருக்கினால் மேற்பாகமும் அதற்கேற்ற அளவில் நிற்கிறது. நுனி கிள்ளுதலும் வேர் கழித்தலும் மரத்துக்குக் காயமே. காயத்தை ஆற்றிக்கொள்ளும் வலிவு மரத்துக்கு இருத்தல் வேண்டும். ஆதலால் நன்கு ஊட்டி வளர்த்த மரத்தையே குறுக்க முடியும் என்பது இத்தொழிலின் முதல் விதி.

தோற்றம்

‘போன்’ என்பது தட்டம். ‘சாய்’ என்பது நடுதல். இக்கலை சீனத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. சீனத்தில் 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அரசகுமாரன் கல்லறையின் சுவர்ச் சித்திரத்தில், சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டத்தை ஏவலாளர் ஏந்திச் செல்லும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஜப்பானில் 1309-ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட படச்சுருள் ஒன்றிலும் தட்டக் குறுமரங்கள் காணப்படுகின்றன. அக்காலத்தில் அது பிரபுக்களுக்கும் துறவிகளுக்கும் உரிய பொழுதுபோக்காக இருந்தது.

தகமட்சுப் பகுதியில் இது குடியானவரின் தொழிலானது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பாகும். கடற்காற்றாலும் மண்ணின்மையாலும் இயற்கையிலேயே குறுகி நின்ற பைன் மரங்களைக் கரையோரத்திலும் மலைச்சரிவிலும் தோண்டியெடுத்து, தொட்டியில் வைத்து விற்கத் தொடங்கினர். எடுக்க எடுக்க அத்தகைய மரங்கள் அருகின. பின்னர் விதையிலிருந்தும் ஒட்டுக்கட்டியும் இளமரங்களை வளர்க்கும் வழக்கம் வேரூன்றியது. கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான மண்ணும், மிதமான தட்பவெப்பமும், குறைந்த மழையும் பைனுக்கு ஏற்றவையாயின. அம்மண்ணில் நீர் தேங்குவதில்லை. மரத்தைத் தோண்டும்போது மெல்லிய வேர்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன.

நாற்றுப் பருவம்

இங்கு முக்கியமாக வளர்க்கப்படுவது கறுப்புப் பைன். விதையை நீரில் ஊறவைத்து, மிதப்பவற்றைக் கழித்து, மூழ்கியவற்றை மட்டும் வசந்த காலத் தொடக்கத்தில் மணற்பாங்கான பாத்தியிலோ பெட்டியிலோ விதைப்பர். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இதுவே என்பது கவனிக்கத்தக்கது.

பைன் நாற்று இயல்பாக ஆணிவேர் ஒன்றையே நீளமாக இறக்கும். தட்டத்தில் வைப்பதற்கு இது ஆகாது. அடிமரத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் சமமாகப் படர்ந்த மேல்வேர்களே முதிர்ந்த மரத்தின் தோற்றத்தைத் தருவன. விலையை நிர்ணயிப்பனவும் அவையே. இதற்காகத் தேர்ந்தவர்கள் ஒரு துணிவான வேலையைச் செய்கின்றனர். விதை முளைத்து ஒன்றரை மாதமளவில், தண்டு இளசாக இருக்கும்பொழுதே, வித்திலைகளுக்குக் கீழே சிறிது தண்டை விட்டு, கூரிய கத்தியால் நேராக வெட்டி ஆணிவேரை முழுவதும் நீக்கிவிடுகின்றனர். வெட்டுவாயை வேர் விடுவிக்கும் மருந்தில் தோய்த்து மணலில் ஊன்றி, நிழலும் ஈரமும் காத்துவர, வெட்டுவாயின் வட்டத்தைச் சுற்றிப் புதுவேர்கள் கிளம்புகின்றன. சில நாற்றுகள் மடியும். பிழைத்தவற்றின் வேர் அமைப்போ பிற்காலத்தில் எவ்வளவு முயன்றாலும் உண்டாக்க முடியாததாகும்.

இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில், தண்டு எழுதுகோல் பருமனை அடையுமுன், அலுமினியக் கம்பியோ செம்புக் கம்பியோ சுற்றி வளைவு கொடுக்கப்படுகிறது. பருத்த பின் அடிப்பாகம் வளையாது. கம்பி பட்டையில் அழுந்துவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இளமரம் விரைந்து பருக்கும் வசந்தத்திலும் கோடையிலும் சில வாரங்கள் கவனியாதிருந்தாலும் வடு விழுந்துவிடும்.

இப்பருவத்திலேயே கழித்தலும் செய்யப்படுகிறது. வேர் ஒரு பக்கமாகவே ஓடிய நாற்று, அடியில் பருமனின்றி நெடுநெடுவென்று சென்ற நாற்று ஆகியவற்றை இரக்கமின்றி விலக்கிவிடுகின்றனர். மூன்று ஆண்டு உழைப்பு போயிற்றே என்று அவற்றை வைத்துக்கொள்பவர், முப்பது ஆண்டு உழைப்பை இழப்பார்.

நிலத்தில் பருக்க விடுதல்

சிறு தொட்டியில் அடிமரம் பருப்பது மிகத் தாமதம். அதனால் நாற்றுகளை நிலத்தில் நட்டுப் பருக்க விடுகின்றனர். அடிப்பாகத்திலுள்ள ஒரு கிளையை வெட்டாமல் பல அடி நீளம் ஓடவிடுவதுண்டு. அக்கிளையின் இலைகள் உண்டாக்கும் உணவு அதற்குக் கீழுள்ள அடிமரத்தைப் பருக்கச் செய்கிறது. வேண்டிய பருமன் வந்ததும் அக்கிளை வெட்டி எறியப்படும். காயம் பார்வையில் படாதிருக்க, மரத்தின் பின்புறத்தில் அமைந்த கிளையையே இதற்குத் தெரிந்தெடுப்பர்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைச் சுற்றி மண்வெட்டியால் வேரைக் கழித்து விடுவதும், தோண்டியெடுத்துக் கீழ்நோக்கிய வேர்களை அறுத்து மீண்டும் நடுவதும் இன்றியமையாதன. இதைச் சோம்பலால் விட்டவருடைய மரம், பின்னர் தட்டத்தில் ஏறும் நாளில் தடித்த வேர்களை இழந்து பட்டுப்போகும். ஊசியிலைகள் ஐந்தைந்தாக அமைந்த வெண்பைனை, கறுப்புப் பைன் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பதும் இங்கே வழக்கம். கைக்குள் அடங்கும் மரம் ஐந்தாறு ஆண்டுகளில் விற்பனைக்கு வரும். பெரிய மரங்களுக்கு இருபது முப்பது ஆண்டுகள் செல்லும்.

தட்டத்திற்கு மாற்றிய பின்

வேலையின் தன்மை இங்கே மாறுகிறது. இதுவரை பருக்கச் செய்தவர், இனி அடக்கி நுணுக்குதல் வேண்டும். கறுப்புப் பைனில் வசந்தத்தில் கிளம்பும் குருத்துகளை, ஜூன் மாத இறுதியிலிருந்து ஜூலைக்குள் அடியோடு வெட்டிவிடுகின்றனர். மரம் மீண்டும் குருத்து விடும். ஆனால் குளிர் வருவதற்கு முன் எஞ்சியிருப்பது சுமார் நூறு நாட்களே ஆதலால், இரண்டாம் குருத்தின் ஊசிகள் குட்டையாகவே நிற்கும். வலிவு குறைந்த குருத்துகளை முதலில் வெட்டி, வலிவுள்ளவற்றை ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெட்டுவது வழக்கம். முந்தி வெட்டியவற்றிற்கு வளர நாள் அதிகம் கிடைப்பதால் மரம் முழுவதும் சமமாகிறது. இலையுதிர் காலத்தில், ஓரிடத்தில் கிளம்பிய பல மொட்டுகளில் இரண்டை வைத்து மற்றவற்றை நீக்கி, பழைய ஊசிகளையும் பறிப்பர்.

நலிந்த மரத்திலும், அண்மையில் வேர் கழித்த மரத்திலும் குருத்து வெட்டலாகாது. வெண்பைனுக்கு இம்முறையே பொருந்தாது. கடுகினத்து எண்ணெய் வித்தின் பிண்ணாக்கே முக்கிய எரு. குருத்து வெட்டும் வரையில் நன்றாக எருவிட்டு, வெட்டியபின் நிறுத்தி, இலையுதிர் காலத்தில் மீண்டும் இடுவர். இளமரங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், முதிர்ந்தவற்றிற்கு அதனினும் நீண்ட இடைவெளியிலும், வசந்தத் தொடக்கத்தில் மண் மாற்றப்படும். நீர் ஊற்றக் கற்பதற்கு மூன்று ஆண்டுகள் செல்லும் என்பது அந்நாட்டுப் போன்சாய்த் தொழிலாளர் சொல். தட்டத்தில் மண் சிறிதே ஆதலால், கோடையில் ஒரு நாள் நீர் தவறினாலும் பல ஆண்டு மரம் கருகக்கூடும்.

இடையூறுகள்

பைன் மரங்களை வாட்டும் நுண்புழு நோய் ஜப்பானில் 1905-ஆம் ஆண்டில் நாகசாகியில் முதன்முதலாகக் காணப்பட்டது. வட அமெரிக்காவிலிருந்து வந்த அப்புழுவை ஒருவகை நீள்கொம்பு வண்டு மரத்திற்கு மரம் பரப்புகிறது. புழு உட்புகுந்த மரம் சில மாதங்களிலேயே சிவந்து காய்ந்துவிடும். இருபது ஆண்டு மரத்தை ஒரே கோடையில் இழப்பது பைன் விளைப்போருக்கு எக்காலத்தும் உள்ள அச்சமாகும்.

ஏற்றுமதியிலும் கட்டுப்பாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஜப்பானியக் கறுப்புப் பைனை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2020-ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. அங்கே அனுப்பப்படும் மரங்கள், பதிவு பெற்ற பண்ணைகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள், தரை மண் தொடாதவாறு உயரமான பலகைகளின் மீதோ சிமெண்டுத் தரையின் மீதோ வளர்ந்து, அரசாங்கச் சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

இவற்றினும் பெரிய இடையூறு கைகள் குறைந்து வருவதே. விளைப்போர் பலர் வயது முதிர்ந்தவர்கள். தந்தை நட்ட மரத்தின் வேலையை மகன் ஏற்காவிடில், சில ஆண்டுகளில் கிளைகள் கட்டுமீறி, அது வெறும் பைன் மரமாகிவிடும். முன்செய்த வேலை முழுவதும் வீணாகும்.

கைமாறி வாழும் மரம்

வேலை தொடருமானால் மரத்தின் வாழ்வு எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் வளர்த்துவந்த வெண்பைன் ஒன்று, 1625-ஆம் ஆண்டு முதல் பண்படுத்தப்பட்டு வருவதாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி அந்நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டபொழுது, சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த அவர்கள் தோட்டத்தின் மதில் அம்மரத்தைக் காத்தது. 1976-ஆம் ஆண்டில் மசாரு யமாகி என்பவர் அதை அமெரிக்க தேசத்துக்கு நன்கொடையாக அளித்தார். வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் அது வைக்கப்பட்டது. குண்டுக்குத் தப்பிய மரம் அது என்னும் செய்தி, 2001-ஆம் ஆண்டில் அவருடைய பேரர்கள் அங்கே சென்ற பின்னரே அத்தோட்டத்தாருக்குத் தெரியவந்தது. அதுவரையில் நீர் ஊற்றியவர்கள், அதன் சரித்திரம் முழுவதும் அறியாமலே தங்கள் நாளுக்குரிய வேலையைத் தவறாது செய்து வந்தனர்.

இங்குள்ளோர் கொள்ளத்தக்கது

பைன் சமவெளிக்கு உரிய மரமன்று. ஆல், அரசு, புளி முதலியவை தட்டத்திலும் நன்கு வளர்வன. இந்தியாவில் போன்சாய் வளர்ப்போர் அவற்றையே பெரிதும் கையாளுகின்றனர். ஆயினும் விளைநிலத்தை இதற்கென ஒதுக்க எண்ணுபவர், பல ஆண்டுகள் வருமானமின்றி நிலம் முடங்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். வேலியோரத்திலும் கிணற்றடியிலும் சில மரங்களை வைத்துப் பழகுவதே முறையாகும்.

தகமட்சுக் குடியானவரிடமிருந்து எல்லோரும் கொள்ளத்தக்க பாடம் வேரைப் பற்றியது. மா, தேக்கு முதலிய நாற்றுகள் பையில் நெடுநாள் கிடந்தால் வேர் சுருண்டுவிடுகிறது. சுருண்ட வேருடன் நட்ட மரம் சில ஆண்டுகள் செழிப்பாகத் தோன்றிப் பின்னர் தேங்குவதும், பெருங்காற்றில் சாய்வதும் உண்டு. நாற்று வாங்குபவர் இலையின் பசுமையை மட்டும் பார்த்தல் போதாது. பையைப் பிரித்து வேரைப் பார்த்தல் வேண்டும். வேர் மிகவும் சுருண்ட நாற்றை விலக்குவதும், சிறிது சுருண்டிருப்பின் அப்பாகத்தை நடும் அன்றே கத்தியால் அறுத்துவிடுவதும் சில நிமிட வேலை. அந்த நிமிடங்கள் கழிந்துவிட்டால், மண்ணுக்குள் மறைந்த வேரைத் திருத்துவதற்கு வேறு நாள் வாய்க்காது.