அயலார் கண்ட ஜப்பான்

அண்டை வீட்டாரைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். அவ்வீட்டின் வாசலை நாள்தோறும் காண்கிறோம். கூடத்துப் பேச்சு சில வேளைகளில் நம் காதிலும் விழுகிறது. அவ்வீட்டு அடுக்களைக்குள் நாம் சென்றதில்லை. ஆயினும், "அவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று சொல்ல நாம் சிறிதும் தயங்குவதில்லை. ஒரு வீட்டின் நிலையே இதுவாயின், கடல் கடந்த ஒரு நாட்டைப் பற்றிக் கூறப்படும் தீர்ப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு ஜப்பான் ஒரு சிறந்த பாடமாக விளங்குகிறது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டைப் பற்றி அயலார் எழுதி வந்திருக்கின்றனர். பாதிரிமார், மருத்துவர், மாலுமிகள், யாத்திரிகர், கவிஞர், பேராசிரியர் எனப் பலதிறத்தாரும் அவர்களுள் உண்டு. ஒருவர் புகழ்ந்ததை மற்றொருவர் இகழ்ந்திருக்கிறார். அவற்றுள் சிலவற்றை அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதிரிமாரின் இரு தீர்ப்புகள்

1542 முதல் சில ஆண்டுகள் நம் தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே சமயப்பணி புரிந்த பிரான்சிஸ் சேவியரே, 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாத் துறையில் இறங்கியவர். அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் அவர் எழுதிய கடிதத்தில், இதுகாறும் தாம் கண்ட கிறிஸ்தவரல்லாத மக்களுள் ஜப்பானியரே தலைசிறந்தவர் என்று போற்றினார். அவர் அங்கு வந்து மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. அந்நாட்டு மொழியும் அவருக்கு வசமாகவில்லை.

அவருக்குப் பின் 1570-இல் அப்பணியின் தலைமையை ஏற்ற காப்ரால் என்பவரோ நேர்மாறாகக் கருதினார். ஜப்பானியரைப் போலச் செருக்கும் பேராசையும் உள்ளத்தை மறைக்கும் இயல்பும் கொண்டவரைக் காண்பதரிது என்பது அவர் எண்ணம். 1579-இல் மேற்பார்வையாளராக வந்த வலிஞானோ என்ற இத்தாலியப் பாதிரியார் இக்கருத்தை ஏற்கவில்லை. பாதிரிமார் முதலில் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும், அவர்களுடைய உணவு முறையையும் உபசார முறையையும் மேற்கொள்ள வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். மக்கள் மாறவில்லை, அவர்களை அணுகும் வழிதான் மாறியது.

அக்காலத்திலேயே லூயிஸ் பிராய்ஸ் என்ற போர்ச்சுகீசியர் 1585-இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஐரோப்பாவில் இப்படி, ஜப்பானில் அப்படி என்று நூற்றுக்கணக்கான வேறுபாடுகளை வரிசைப்படுத்தினார். துக்கத்திற்கு அவர்கள் நாட்டில் கறுப்பு, இங்கே வெள்ளை. அவர்கள் எழுத்து இடமிருந்து வலமாக ஓடும், இங்கே மேலிருந்து கீழாக இறங்கும். ஐரோப்பியப் பெண்டிருள் எழுத அறிந்தோர் சிலரே, ஜப்பானின் உயர்குடிப் பெண்டிரோ எழுத அறியாமையை இழிவாகக் கருதுவர். "எல்லாம் தலைகீழ்" என்று பிற்காலத்தார் ஜப்பானைப் பற்றி ஓயாது எழுதியதற்கு இந்நூல் ஒரு முன்னோடி. ஆனால் தலைகீழ் என்பது யார் நிற்கும் நிலையிலிருந்து? ஜப்பானியத் தச்சன் இழைப்புளியைத் தன்பால் இழுத்து இழைக்கிறான். அவன் கண்ணுக்கு, எதிர்ப்புறம் தள்ளி இழைக்கும் ஐரோப்பியத் தச்சனன்றோ தலைகீழாக வேலை செய்கிறான்!

பூட்டிய கதவின் இடுக்கில்

1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டுமே ஜப்பானில் இடம் கிடைத்தது. அதுவும் நாகசாகித் துறையில் தேஜிமா என்னும் சின்னஞ்சிறு செயற்கைத் தீவில்தான். அங்கே 1690 முதல் 1692 வரை மருத்துவராகப் பணிபுரிந்தவர் எங்கல்பர்ட் கெம்பர் என்ற ஜெர்மானியர். ஒல்லாந்தர் ஆண்டுதோறும் தலைநகர் சென்று ஷோகனை வணங்க வேண்டும். அவ்வாறு சென்றபோது ஷோகனின் விருப்பப்படி கெம்பரும் தோழர்களும் நடந்து காட்டினர், ஆடினர், பாடினர், குடிவெறியர்போல் நடித்தும் காட்டினர். திரைக்குப் பின்னிருந்து அரண்மனைப் பெண்டிர் கண்டு களித்தனர். ஜப்பானியரை ஆராய வந்த அயலாரை ஜப்பானியரே வேடிக்கைப் பொருளாக்கி ஆராய்ந்த காட்சி அது.

கெம்பர் இறந்தபின், 1727-இல் அவருடைய ஜப்பான் வரலாறு இலண்டனில் வெளிவந்தது. அயல்நாட்டுறவை ஒதுக்கி வாழ்வது அந்நாட்டிற்கு நன்மையே என்று அவர் வாதிட்டிருந்தார். அப்பகுதியை 1801-இல் ஜப்பானிய மொழியில் பெயர்த்த ஷிசுகி தடாவோ என்ற அறிஞர், "பூட்டிய நாடு" எனப் பொருள்படும் "சகோக்கு" என்ற சொல்லைப் படைத்தார். ஜப்பானியர் தம் வரலாற்றின் ஒரு காலப்பகுதியைக் குறிக்கப் பின்னர்ப் பெருவழக்காகக் கையாண்ட பெயரே, ஓர் அயலார் நூலை மொழிபெயர்க்கையில் பிறந்தது என்பது வியப்பன்றோ?

புன்னகையின் பொருள்

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி வந்த பின்னர்க் கதவு திறந்தது. அயலார் திரளாக வந்தனர். துறைமுக நகரங்களில் வாழ்ந்த வெள்ளையர் பலர் ஜப்பானியரை வேலைக்காரராகவும் கடைக்காரராகவும் மட்டுமே கண்டனர். இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணியோ 1878-இல் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளனை மட்டும் துணைகொண்டு, வடபுல மலைநாட்டினூடே குதிரைமேல் சென்றார். தெள்ளுப்பூச்சிகளையும் வறுமையையும் அவர் மறைக்காமல் எழுதினார். கூலிக்குக் குதிரை ஓட்டி வந்த ஏழை ஒருவன், தவறிப்போன ஒரு வாரைத் தேடி இருட்டில் நெடுந்தூரம் திரும்பிச் சென்று எடுத்து வந்ததையும், அதற்கெனக் கொடுத்த காசை வாங்க மறுத்ததையும் சேர்த்தே எழுதினார். ஜப்பானியர் யாவரும் ஓரினத்தார் என்று இன்றும் சொல்வோர் உளர். அப்பெண்மணியோ அன்றே வடக்கே ஹொக்கைடோத் தீவின் ஐனு மக்களிடம் தங்கி அவர்தம் வாழ்க்கையை விவரித்தார். அம்மக்களை மண்ணின் தொல்குடியினர் என்று குறிக்கும் சட்டம் ஜப்பானில் 2019-இல்தான் இயற்றப்பட்டது.

லாப்காடியோ ஹெர்ன் 1890-இல் வந்தார். கிரேக்கத் தீவொன்றில் பிறந்த இவர், மட்சுயே என்ற நகரில் ஆசிரியராகி, கொய்சுமி செட்சு என்ற மங்கையை மணந்து, 1896-இல் கொய்சுமி யாக்குமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடிமகனானார். ஜப்பானியரின் புன்னகையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. தன் கணவன் இறந்த செய்தியை வெள்ளைக்கார எசமானியிடம் ஒரு பணிப்பெண் சிரித்தவாறே சொன்னாளாம். நெஞ்சில் ஈரமற்றவள் என்று எசமானி அருவருத்தாள். என் துயரம் எனக்குரியது, அதன் பாரத்தைத் தங்கள்மேல் ஏற்றேன் என்ற பணிவே அப்புன்னகை என்று ஹெர்ன் விளக்கினார். கண்ட காட்சி இருவருக்கும் ஒன்றே. அச்சமூகத்தில் மருமகனாக வாழ்ந்தவருக்கு மட்டுமே அதன் பொருள் விளங்கிற்று. ஆயினும் ஹெர்னுக்கும் ஒரு சாய்வு இருந்தது. பழமையின்மேல் கொண்ட காதலால், ஆலைகளும் படைகளுமாக எழுந்துகொண்டிருந்த புதிய ஜப்பானை அவர் விரும்பவில்லை.

காலந்தவறாமை பிறவிக்குணமா?

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் காலம் கழிக்கும் நம் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. 1857-இல் நாகசாகிக்குக் கடற்பயிற்சி அளிக்க வந்த கட்டன்டைக் என்ற ஒல்லாந்து அதிகாரி, ஜப்பானியர் காலத்தைப் பொருட்படுத்தாதவர், எதிலும் மெத்தனமானவர் என்று குறைபட்டுக்கொண்டார். இன்று உலகம் சொல்வதோ இதற்கு நேர்மாறு!

காரணம் இரத்தத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. பழைய ஜப்பானில் சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை ஆறு கூறாகப் பிரித்தனர். இரவையும் அவ்வாறே பிரித்தனர். ஆகவே கோடைப் பகலின் ஒரு நாழிகைக்கூறு மாரிப் பகலின் கூற்றைவிட நீளமானது. நிமிடம் என்ற அளவே மக்கள் வழக்கில் இல்லாதபோது, நிமிடக் கணக்கில் தாமதம் ஏது? 1872 அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிரயாணிகள் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நிலையத்துக்கு வர வேண்டும் என்று அப்போது அறிவிப்புச் செய்தனர். 1873 முதல் புதிய நாட்காட்டியும் இருபத்துநான்கு சம மணி நேரமும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. பள்ளிகளும் ஆலைகளும் புகைவண்டிகளும் சேர்ந்து பயிற்றுவித்த குணத்தை, பிற்காலத்து அயலார் பிறவிக்குணம் என்று எழுதிவிட்டனர்.

1964-இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக வண்டிகளை நாமும் வியக்கிறோம். 2017 நவம்பரில் ஒரு வண்டி குறித்த நேரத்துக்கு இருபது விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்காக நிர்வாகம் மன்னிப்புக் கேட்ட செய்தி உலகெங்கும் பரவியது. இவ்வியப்பின் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகி என்னுமிடத்தில், எழுபது கிலோமீட்டர் வேகத்திற்கே இடமுள்ள வளைவில் நூறு கிலோமீட்டரை விஞ்சிய வேகத்தில் சென்ற வண்டி தடம்புரண்டு, ஓட்டுநர் உட்பட 107 பேர் மாண்டனர். அவ்வண்டியின் தாமதம் ஒன்றரை நிமிடத்திற்குள்தான். தாமதித்த ஓட்டுநர்களை "மறுபயிற்சி" என்ற பெயரால் சிறுமைப்படுத்தும் வழக்கம் அங்கிருந்ததும், அதைப் பற்றிய அச்சமும் விசாரணையில் வெளிப்பட்டன. வெளியிலிருந்து நாம் புகழும் குணத்துக்கு உள்ளிருப்போர் கொடுக்கும் விலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கவிஞரும் பேராசிரியர்களும்

நம் நாட்டுக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் 1916-இல் ஜப்பான் சென்றார். அம்மக்களின் அடக்கத்தையும் அழகுணர்ச்சியையும் மனமாரப் பாராட்டிய அவரே, மேலைநாட்டுத் தேசிய வெறியைப் பின்பற்ற வேண்டாம் என்றும் எச்சரித்தார். வரவேற்றவர்களே முகம் திருப்பினர். தோற்ற நாட்டுக் கவிஞரின் பேச்சு என்று சிலர் ஏளனம் செய்தனர். 1938-இல், சீனப் போரை நியாயப்படுத்திய ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சிக்குத் தாகூர் எழுதிய மறுமொழிகள், அன்பும் கண்டனமும் ஒரே நெஞ்சில் வாழலாம் என்பதற்குச் சான்று. நம் தமிழில் தி. ஜானகிராமன் தம் ஜப்பானியப் பயணத்தை "உதய சூரியன்" என்ற நூலாக அளித்துள்ளார்.

மிகப் பெரிய செல்வாக்குப் பெற்ற நூலோ ஜப்பானைக் காணாதவர் எழுதியது. ரூத் பெனடிக்ட் என்ற அமெரிக்க மானிடவியலார், பகைநாட்டாரை அறிந்துகொள்ளப் போர்க்காலத்தில் அரசு இட்ட பணியை மேற்கொண்டார். அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரை வினவியும், நூல்களையும் திரைப்படங்களையும் ஆராய்ந்தும் 1946-இல் "சாமந்தியும் வாளும்" எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். மேலைநாட்டாரை மனச்சாட்சியின் குற்றவுணர்வும், ஜப்பானியரை ஊரார்முன் எழும் நாணமும் நெறிப்படுத்துகின்றன என்பது அதில் பேர்பெற்ற கருத்து. சில படைத்தலைவர்களின் கருத்தை மக்கள் அனைவர் கருத்தாகவும் கொண்டுவிட்டார் என்று வாட்சுஜி டெட்சுரோ என்ற ஜப்பானிய அறிஞர் கடிந்தார். ஆனாலும் ஜப்பானியர் அதன் மொழிபெயர்ப்பை இலட்சக்கணக்கில் வாங்கிப் படித்தனர். 1979-இல் எஸ்ரா வோகல் "ஜப்பானே முதலிடம்" என்றெழுதியபோதும் அவ்வாறே. பத்தாண்டு கழிந்து அங்கே பங்கு விலையும் நிலவிலையும் சரிந்ததும், முன்பு வெற்றிக்குக் காரணமாகச் சொன்ன அதே குணங்களைத் தோல்விக்கும் காரணமாகச் சொல்லலாயினர்!

நமக்குரிய பாடம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும், சமூகத்திற்குப் பொருந்தாது. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. நம் அனைவரையும் "மதராஸி" என்ற ஒரே சொல்லில் அடக்குவோரைக் கண்டு நாம் மனம் வருந்துகிறோம். அன்று மாலையே, "இவ்வூரார் எல்லாரும் இப்படித்தான்" என்று நம் வீட்டுத் திண்ணையில் தீர்ப்பு வழங்குகிறோம். நம் குழந்தைகள் அருகிருந்து கேட்கின்றனர்.

ஆகவே எவரேனும் ஒரு மக்களைப் பற்றித் தீர்ப்புரைத்தால், அவர் அங்கு எத்தனை நாள் இருந்தார், எவர் வீட்டில் உண்டார், அவர்கள் மொழியில் என்ன கேட்டார் என்று நாம் வினவ வேண்டும். அயலார் சொல்வதையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. பேர்ட் கண்ட நேர்மையும் ஹெர்ன் உணர்ந்த பணிவும் தாகூர் கூறிய எச்சரிக்கையும் மெய்யே. அவர்கள் அருகே சென்றனர், ஆகையால் கண்டனர். நம் பக்கத்து வீட்டாரின் மொழியில் நான்கு சொற்களேனும் கற்று, அடுத்த பண்டிகையன்று அவர்களை நம் வீட்டுக்கு அழைப்போமாக. அவர்கள் அழைத்தால் நாமும் மறுக்காது செல்வோமாக.