‘மனசைத் தேற்றிக்கொள்’ என்றால் ஏன் முடிவதில்லை?

மனச்சோர்வில் இருப்பவரிடம் வீட்டாரும் நண்பர்களும் முதலில் சொல்வது, “மனசைத் தேற்றிக்கொள், எல்லாம் சரியாகிவிடும்” என்பதைத்தான். அக்கறையோடு சொல்லப்படும் இந்தச் சொற்கள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ‘இதுகூட என்னால் முடியவில்லையே’ என்று கேட்பவரின் குற்ற உணர்வு கூடுவதும் உண்டு. இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை உதவுகிறது.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இளம் ஆய்வாளர்கள் 1967இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்கவே மனம் பதறும் சோதனை அது. நாய்களை வாரில் கட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். முதல் குழு நாய்கள் பக்கத்தில் இருந்த பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. மறுநாள் எல்லா நாய்களையும் நடுவில் தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். அங்கும் அதிர்ச்சி வரும்; தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் பெரும்பாலும் சீக்கிரமே குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவில் இருந்த எட்டில் ஆறு நாய்கள் கிட்டத்தட்ட ஒருமுறைகூடத் தப்பிக்கவில்லை. முனகியபடி படுத்துக்கிடந்து வலியைத் தாங்கிக்கொண்டன.

முதல் இரண்டு குழுக்களும் பட்ட வலி ஒன்றுதான். அந்த வலியை நிறுத்துவது தன் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறு. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது.

அதிகம் பேசப்படாதது 1968இல் வெளிவந்த அடுத்த ஆய்வு. முடங்கிப்போன நாய்களை மீட்க முடியுமா என்று பார்த்தார்கள். தடுப்பையே எடுத்துவிட்டார்கள். மறுபக்கம் நின்று கூப்பிட்டார்கள். இறைச்சித் துண்டு போட்டுப் பார்த்தார்கள். நாய்கள் அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி மறுபக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் சென்றார்கள். நகர்ந்தால் வலி நிற்கிறது என்பதை உடலால் பலமுறை உணர்ந்த பிறகு, அவை தாமாகவே தப்பிக்கத் தொடங்கின.

மனிதருக்கு எண்ணம் என்ற இன்னொரு சுமையும் உண்டு. வேலை போன ஒருவர் ‘இந்த நிறுவனம் நொடித்துவிட்டது’ என்று நினைத்தால் அடுத்த வேலை தேடுவார். ‘எனக்குத் திறமை இல்லை, எப்போதும் இப்படித்தான், எதைத் தொட்டாலும் இப்படித்தான்’ என்று நினைத்தால் முடங்கிப்போவார். தோல்விக்கு ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இத்தகைய காரணங்களே முடக்கத்தை நீட்டிக்கின்றன என்று லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் 1978இல் விளக்கினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஆரன் பெக், இப்படித் தானாக எழும் எண்ணங்களை நோயாளியுடன் சேர்ந்து எழுதிவைத்து, அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று சோதிக்கும் சிகிச்சை முறையை உருவாக்கியிருந்தார்.

நாய்ச் சோதனைக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2016இல், மேயரும் செலிக்மனும் தங்கள் பழைய விளக்கத்தையே திருத்தினார்கள். எலிகளின் மூளையை ஆராய்ந்ததில், நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை என்று தெரியவந்தது. அது கற்றுக்கொள்ளப்படுவதே இல்லை. ‘இது என் கைக்குள் இருக்கிறது’ என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை உணரும் முன்மூளைப் பகுதி, முடக்கத்தை உண்டாக்கும் மூளைத்தண்டுப் பகுதியை அடக்கிவைக்கிறது. ஆகவே, முடங்கிக்கிடப்பவரைச் சோம்பேறி, கோழை என்று ஏசுவதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

இந்தப் புரிதலோடு நெருங்கிப் பொருந்தும் சிகிச்சை முறையில், மனம் தெளியட்டும் என்று காத்திருப்பதில்லை. செயலில் இருந்தே தொடங்குகிறார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ‘சங்கத்’ என்ற தொண்டு அமைப்பும் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் சற்றுக் கடுமையான, மிகக் கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு சற்று மேம்படுத்தித் தரப்பட்டது. மீதிப் பேருக்கு அதோடு 6 முதல் 8 அமர்வுகள் வரை ஆலோசனையும் கிடைத்தது. ஆலோசனை தந்தவர்கள் மனநல வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் இது 39 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது.

இத்தகைய அமர்வுகளில் நடப்பது மிக எளிமையானது. காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொல்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்தால், படுத்தே கிடந்த மதியத்தைவிடப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடம் கொஞ்சம் லேசாக இருந்தது தெரியவரும். பிறகு அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு வேலையைத் தேர்ந்தெடுப்பார்கள். குளித்துவிட்டுக் கடைத்தெரு வரை நடப்பது, நிறுத்திவைத்த தையலில் ஒரு ரவிக்கையை மட்டும் முடிப்பது என்று ஏதாவது ஒன்று. எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே முடிவுசெய்கிறார்கள். செய்ய முடியாமல் போனால் திட்டுவதில்லை. எது தடுத்தது என்று கேட்டு வேலையை இன்னும் சிறிதாக்குகிறார்கள்.

எல்லாத் துயரும் எண்ணத்தில் மட்டும் இருப்பதில்லை. கடனும், குடிகாரக் கணவனின் அடியும் நிஜமானவை. அங்கே ஆலோசனையோடு சட்ட உதவியும் பாதுகாப்பும் வேண்டும். கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரையும் தேவைப்படலாம். தற்கொலை எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று கண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வும், எதிலும் நாட்டமின்மையும், தூக்கக் கோளாறும் தொடர்ந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவருக்குப் பேசத் தெம்பில்லை என்றால், உடன் இருப்பவர்களும் அழைத்து வழி கேட்கலாம்.