மரத்தில் கடவுளைக் கண்ட கவிஞர்!

பன்னிரண்டே வரிகள் கொண்ட சிறு பாட்டு. அது ஒரு மனிதருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது.

அவர் பெயர் ஜாய்ஸ் கில்மர். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 1886-ம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க்கில் பத்திரிகைகளுக்கு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். 1913 பிப்ரவரி 2-ந் தேதி "மரங்கள்" என்ற பாட்டை எழுதினார்.

மரத்தை இறைவனை வணங்கும் பக்தராகவே அவர் பார்த்தார். இறைவன் படைத்த மரத்தின் முன்னே மனிதன் கட்டும் பாட்டு மிகச் சிறியது என்பதே அதன் கருத்து.

சில பண்டிதர்கள், "இதெல்லாம் ஒரு கவிதையா?" என்று கேலி செய்தார்கள். ஆனால், பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள்!

மகளின் நோய்

கில்மரின் கைக்குழந்தை ரோஸ். அவளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிஞ்சு உடல் முடங்கிப் போயிற்று. பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இப்படித் துன்பம் வந்தால் சிலர் கடவுளையே வெறுத்து விடுவார்கள். கில்மர் அப்படிச் செய்யவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மாதா கோவிலுக்குள் நுழைவார். பொன்னோ, பொருளோ கேட்கவில்லை. தமக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்று மன்றாடினார். இப்படிப் பல மாதங்கள்!

முடிவில் நம்பிக்கை பிறந்தது. அசையாத மகளின் கைகளே தம்மைக் கடவுளிடம் அழைத்துச் சென்றதாக ஒரு பாதிரியாருக்கு அவர் கடிதம் எழுதினார். 1913-லேயே அவரும் மனைவியும் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தனர்.

போர்க்களத்தில்

1917-ல் முதல் உலகப் போரில் அமெரிக்கா குதித்தது. கில்மர் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தச் செப்டம்பரில் ரோஸ் இறந்து போனாள். நெஞ்சில் துயரத்தோடு அவர் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே, ஒரு சிப்பாயின் பிரார்த்தனையைப் பாட்டாக எழுதினார். முதுகில் மூட்டை. தோள் வலிக்கிறது. சிலுவை சுமந்த ஏசுவைச் சிப்பாய் நினைத்துக் கொள்கிறான். அவர் பட்ட பாட்டுக்கு முன் தன் வலி பெரிதல்ல என்று தேறுகிறான்.

1918 ஜூலை 30-ந் தேதி எதிரியின் குண்டு கில்மர் மீது பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 31 தான்.

காடே நினைவுச் சின்னம்

1936-ல் வட கரோலினா மாநிலத்தில் சுமார் 3,800 ஏக்கர் காட்டுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 400 ஆண்டுகளைத் தாண்டிய மரங்கள் அங்கே உண்டு.

மரத்தின் முன் தம் பாட்டு சிறியது என்று தலை வணங்கியவர் கில்மர். அவருக்கு மரங்களே நினைவுச் சின்னமாக நிற்கின்றன.