குளத்தில் இறங்கும் காட்டுவாத்துகள்: கலைக்காமல் படம் எடுப்பது எப்படி?

மணப்பாறையை அடுத்த வையம்பட்டி பகுதி, வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்து, பொன்னணியாறு அணையிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் தண்ணீர் நின்றால்தான் இங்கே வெள்ளாமை. இப்படித் தண்ணீர் நிற்கும் ஊர்க்குளங்களைத் தேடித்தான் மார்கழி, தை மாதங்களில் காட்டுவாத்துகளும் வருகின்றன.

கரையில் நின்று பார்த்தால் எல்லாம் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் புரியும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது போல இருப்பது நாமக்கோழி; அது வாத்து இனமே இல்லை. அலகு நுனியில் மஞ்சள் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து. அது நம் ஊர்ப் பறவை, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். அகப்பை போல அகன்ற அலகு உள்ளது தட்டைவாயன். வால் ஊசியாக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. இந்த இரண்டும் வடக்கே சைபீரியா போன்ற குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே நீர்நிலைகள் உறைவதற்குள் தெற்கே வருபவை. அக்டோபரில் வந்து இறங்கும்போது ஆண் ஊசிவாலும் பெண்ணைப் போலவே மங்கலாக இருக்கும். சிறகு மாறி நிறம் கூடி, தை மாதத்தில்தான் அது ஆண் என்று பளிச்சென்று தெரியும். அதனால் படத்துக்கு ஏற்ற காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை.

எங்கே உட்காருவது? நம் பக்கம் பெரும்பாலான குளங்களுக்குக் கிழக்கே கரை இருக்கும். காலையில் அந்தக் கரையில் மேற்கு பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்; பறவையின் நிறம் தெளிவாக விழும். இன்னொரு வசதியும் உண்டு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வாத்துகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆக, அவை தானாகப் பறக்கும்போதும் கேமராவைப் பார்த்து வர வாய்ப்பு அதிகம். விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை நல்ல வெளிச்சம். அதற்கு மேல் தண்ணீர் கண் கூசும்.

கேமராவில் நீந்தும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 250-இல் ஒரு நொடி போதும்; பறக்கும் வாத்துக்கு 1000-இல் ஒரு நொடியாவது வேண்டும். கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்காவிட்டால் இறகு தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடும். செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், பைனாகுலரின் கண் வைக்கும் துளையில் போன் லென்ஸைப் பொருத்தி எடுக்கலாம். போட்டிக்குப் போகாது, ஆனால் என்ன பறவை என்று சொல்ல அது போதும்.

கிட்டே போவதில் விவசாயிக்கு ஒரு சலுகை உண்டு. தினமும் பார்க்கும் ஆடு, மாடு, டிராக்டருக்கு வாத்துகள் அவ்வளவாக மிரளாது. நகரத்திலிருந்து பளபளக்கும் சட்டையோடு வந்து வேகமாக நடக்கும் ஆளைக் கண்டால்தான் மொத்தக் கூட்டமும் எழும்பும். மங்கிய நிறத் துண்டைப் போர்த்தி, இரண்டு தென்னங்கீற்றை முன்னால் சாய்த்து வைத்து அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் அவை தானாகவே நெருங்கிவரும். பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிவதும் வெடி போடுவதும் அநியாயம். பல வாத்துகள் இரவில் மேய்ந்து பகலில் ஓய்வெடுப்பவை. பங்குனியில் திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலத்தில், ஒவ்வொரு முறை விரட்டுவதும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது.

தேதியும் ஊர்ப் பெயரும் சேர்ந்துவிட்டால் படம் ஆவணமாகிவிடும். மங்கோலியாவில் எண் பொறித்த கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட பட்டைத்தலை வாத்துகள், கர்நாடகாவில் மைசூர் பக்கத்து ஏரிகளில் படமாகியிருக்கின்றன. இமயமலையைத் தாண்டி வந்த பறவை எது என்பதை அந்த எண்ணே சொல்லிவிட்டது. அதே இனம் அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கும் வருகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் பாயும் பாசன ஏரி அது. 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

குளத்துப் பறவைக்காக விவசாயிகள் பேசுவது புதிதும் அல்ல. வேடந்தாங்கல் மக்கள் துப்பாக்கிக்காரர்கள் மீது முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இன்றும் வலை விரிப்பவர்களும், விஷம் கலந்த நெல்லைத் தூவுபவர்களும் இருக்கிறார்கள். அந்த விஷம் கால்நடைக்கும், இறைச்சியை வாங்கித் தின்பவருக்கும் ஆபத்து. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். கண்ணில் பட்டால் நேரில் மோதாமல், தூரத்திலிருந்து படம் எடுத்து வனத்துறை அலுவலகத்தில் கொடுப்பதே சரி. கூட்டமாக வாத்து இறங்கியிருக்கும் குளத்தின் பெயரோடு அன்றே வாட்ஸ்அப்பில் படம் போடுவது, வேட்டைக்காரனுக்கு நாமே வழி காட்டுவது போலாகும். அவை கிளம்பிப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம்.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. ஒரு குளக்கரையில் குறைந்தது கால்மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். விடுமுறையில் வீட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடும் வேலைதான்.