விருந்துக்கு நடுவே ராமாயணம்

"ஏம்மா, அந்த ஊரிலே தவளை, தேள் எல்லாம் தின்பார்களாமே! நீ அங்கே போய் என்னத்தைச் சாப்பிடப் போகிறாய்?"

நான் பாங்காக்குக்குப் புறப்படுகிறேன் என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டதோடு நிற்கவில்லை. எங்கள் அரக்கோணத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் திருத்தணிக்கு என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போனார். முருகனுக்கு அர்ச்சனை செய்து, விபூதியும் ஒரு பொட்டலம் கற்கண்டுமாகத் திரும்பி வந்தார். "பசித்தால் இதைப் போட்டுக்கொள். கண்டதைத் தொடாதே" என்று சொல்லி, பொட்டலத்தை என் கைப்பையில் அவரே வைத்து மூடினார்.

அந்தக் கற்கண்டுக்கு ஒரு கதை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் மூத்த பெண்ணும் மாப்பிள்ளையும் பாங்காக்கில் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் 'சயாம்' என்று சொல்லிவந்த தேசம் அது. 1939-ல் தாய்லாந்து என்று பெயர் மாறியது. சென்னையில் விமானம் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். அரக்கோணத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய்ச் சேருவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகிறது!

போன மூன்றாம் நாள் மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, இன்று ராத்திரி வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். இந்த ஊர்ச் சம்பிரதாயப்படி விருந்தும் நாட்டியமும் ஒரே இடத்தில் நடக்கிறது. போய்வருவோம்."

விருந்தா? எனக்கு உடனே மாமியாரின் தவளையும் தேளும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கற்கண்டு பத்திரமாக இருந்தது.

மாம்சம் வேண்டாதவர்

ஆற்றங்கரை ஓரமாகத் தேக்குமரத்தால் ஆன ஒரு பெரிய கூடம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பாதி பயம் தெளிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஊர் நம் ஊர்தானே! பட்டுப் பாவாடை உடுத்திய பெண்கள் இரு கைகளையும் மார்புக்கு நேரே குவித்து, தலையைத் தாழ்த்தி, "சவத்தீ கா" என்று வரவேற்றார்கள். 'சவத்தீ' என்பது வேறொன்றும் இல்லை. நம் கல்வெட்டுகளின் தலைப்பில் காணும் 'ஸ்வஸ்தி'தான்.

தரையோடு தரையாகக் குட்டை மேஜைகள். முக்கோண வடிவில் திண்டுகள். காலை மடக்க முடியாத வெள்ளைக்காரர்களுக்காக மேஜைக்குக் கீழே பள்ளம் வெட்டி வைத்திருந்தார்கள். நான் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெண் அந்த ஊர் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறாள். பரிசாரகப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "மங்சவிரத்" என்றாள்.

"என்னடி அது?" என்றேன்.

"மாம்ஸ விரதி அம்மா. மாம்சத்தை விலக்கியவர் என்று அர்த்தம். ஆகாரத்துக்கு இவர்கள் பாஷையில் 'ஆஹான்'. நாட்டியக் கலைக்கு 'நாட்டசின்', அதாவது நாட்டிய சில்பம்."

ஆனால் இந்தத் தேசத்துக்குப் போகும் சகோதரிகள் இன்னொரு வார்த்தையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காய்கறிப் பண்டங்களில்கூட உப்புக்குப் பதிலாக 'நம்ப்லா' என்கிற மீன் சாற்றை ஊற்றிவிடுவது அவர்கள் வழக்கம். ஆகையால் 'ஜே' என்று சொன்னால்தான் நிச்சயம். 'ஜே' என்றால் மாம்சம், மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடைகள் எல்லாம் 'ஜே' கடைகள்தான்.

நம் இலையில் சாம்பாருக்குப் பிறகு ரசம், ரசத்துக்குப் பிறகு மோர் என்று ஒரு வரிசை உண்டு அல்லவா? அங்கே அது கிடையாது. புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒரே சமயத்தில் மேஜைக்கு வந்து சேரவேண்டும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வைத்துவிடுகிறார்கள். சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட வேண்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது 'தோம் கா' என்னும் தேங்காய்ப்பால் ரசம். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊருக்குத் திரும்பியபின் நானே செய்து பார்த்தேன். பேரரத்தையை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நசுக்கிய எலுமிச்சைப் புல்லோடும், கிள்ளிப் போட்ட நாரத்தை இலையோடும் சேர்த்து, நீர்த்த தேங்காய்ப்பாலில் கொதிக்க விடவேண்டும். மணம் வந்ததும் காளான், உப்பு, கீறிய மிளகாய். காளான் வெந்தபின் கெட்டிப்பால் விட்டு, நுரை கட்டும்போது இறக்கி, பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். புல்லும் அரத்தையும் வாசனைக்கு மட்டும், கடித்துவிடாதீர்கள்.

பச்சைப் பப்பாளியைச் சீவி, உரலில் மிளகாயோடு இடித்த ஒரு பண்டமும் வந்தது. காரம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. ஆனாலும் கோபித்துக்கொள்ள முடியுமா? மிளகாய் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலமாக வந்த விருந்தாளி, இரண்டு தேசத்துச் சமையலறையிலும் எஜமானியாகிவிட்டது!

அனுமாருக்குக் கல்யாணமா?

பாதிச் சாப்பாட்டில் விளக்குகள் மங்கின. மேடையின் ஓரத்தில் வாத்தியக்காரர்கள் அமர்ந்திருந்தார்கள். படகு மாதிரி வளைந்த கட்டையில் மரச்சட்டங்களைக் கோத்து, இரண்டு கோல்களால் தட்டும் வாத்தியத்துக்கு 'ரனாட்' என்று பெயர். கேட்டால் நம் ஜலதரங்கம் மரத்தில் பேசுவது போல் இருக்கிறது. மிருதங்கம்போலப் படுக்க வைத்துத் தட்டும் 'தபோன்' என்ற மத்தளத்தை அவர்கள் குருவாகவே பாவித்து வணங்குகிறார்களாம். தாளத்துக்கு, நம் ஜால்ராவைப் போல ஒரு ஜோடி; அதன் பெயர் 'சிங்'.

முதலில் வட பிரதேசத்து விரல் நடனம். விரல் நுனிகளில் நீண்ட பித்தளை நகங்களைப் பூட்டிக்கொண்டு பெண்கள் மெதுவாகக் கையைச் சுழற்றினார்கள். விரல்கள் பின்பக்கமாக வில்போல் வளைகின்றன. சிறு வயதிலிருந்தே விரல்களை வளைத்து வளைத்துப் பழக்குவார்களாம்.

அதன் பிறகு வந்ததுதான் 'கோன்' என்னும் முகமூடிக் கூத்து. 1687-ல் பிரெஞ்சு அரசரின் தூதராகச் சயாமுக்கு வந்த லா லூபேர் என்பவர் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அரண்மனைக்குள் வளர்ந்த இந்தக் கலையில் ஆடுவது ஒரே கதை, அது ராமாயணம். அவர்கள் சொல்வது 'ராமகியன்', அதாவது ராம கீர்த்தி. அயோத்தியின் பெயரைத் தாங்கிய அவர்களுடைய பழைய தலைநகரம் அயுத்தயா 1767-ல் பர்மியப் படையெடுப்பில் எரிந்தபோது, ஏடுகள் பலவும் அழிந்தன. பிற்பாடு பாங்காக்கில் ஆண்ட முதலாம் ராமா என்ற அரசர், 1797-ல் தம் சபைப் புலவர்களோடு உட்கார்ந்து ராம கதையை மறுபடி பாட்டாக எழுதினார்.

மேடையில் வெள்ளை முகத்தோடு ஒரு வானரம் குதித்தது.

"அனுமார்!" என்றேன் நான், சத்தமாகவே.

எதிரே ஒரு பெண். மேலே கிரீடம், கீழே மீன்வால்.

"அவள் சுவர்ண மச்சா, அம்மா. ராவணனின் பெண். சேது கட்டுவதற்குப் போடும் கற்களையெல்லாம் கடலுக்கடியில் திருடிக்கொண்டு போகிறாள். அனுமார் அவளைப் பிடிக்கப் போய்…"

"பிடிக்கப் போய்?"

"காதல் கொண்டுவிடுகிறார். ஒரு பிள்ளையும் பிறக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரம்மசாரி அனுமாருக்கு மீன் மனைவியா! சனிக்கிழமை தவறாமல் சுந்தர காண்டம் வாசிக்கும் என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? இதற்குமேல் இன்னொன்றும் கேளுங்கள். அவர்கள் கதையில் சீதை ராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த பெண்ணாம். குலநாசம் வருமென்று பயந்து, குழந்தையை ஆற்றில் விட்டுவிட்டார்களாம்.

நான் இதைப் பற்றிப் பெண்ணோடு தர்க்கம் செய்துகொண்டே, மாம்பழமும் தேங்காய்ப்பாலில் புரட்டிய பசையரிசிச் சாதமுமாக வந்த இனிப்பைக் கரண்டியில் எடுத்தேன். செட்டிநாட்டுக் கவுனி அரிசிபோல இருந்தது. "இன்னும் கொஞ்சம் கேள்" என்றேன்.

அப்போதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன்.

கரண்டியைக் கீழே வைத்த மூதாட்டி

அங்கே ஒரு தாய்லாந்து மூதாட்டி, பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருந்தார். ராமர் மேடைக்கு வந்ததும், கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கைகளைக் குவித்தார். ஆட்டம் முடியும் வரையில் அவர் தட்டைத் தொடவே இல்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மற்றவர்கள் எல்லாம் என்ன செய்தோம்? ஒருவர் முள்கரண்டியால் தட்டைச் சுரண்டினார். ஒருவர் மேடைக்கு முதுகைக் காட்டித் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டார். நான் ஒருத்தி, இன்னும் கொஞ்சம் இனிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கரண்டி நின்றுவிட்டது. அதன் பிறகே நான் ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வானரம் உட்கார்ந்தால், எழுந்தால், சொறிந்துகொண்டால், அத்தனையும் தாளத்துக்குள் இருந்தது. முகமூடிக்குள் இருப்பவர் பேசுவதில்லை. பேச்சும் பாட்டும் ஓரத்தில் இருப்பவர்களுடையவை. ஆகவே கோபமோ காதலோ, தோளும் கழுத்தும் விரலும்தான் சொல்லவேண்டும். கோன் கற்கும் பிள்ளைகள் முதலில் வெறுமே தாளத்துக்குத் தரையை மிதித்து மிதித்தே பழகுவார்களாம், நம் பெண்கள் தட்டடவு பழகுவது போல. ஜரிகை உடையை ஆடுபவரின் உடம்பின்மேலேயே வைத்து ஊசி நூலால் தைத்துவிடுகிறார்கள். இடையில் கழற்ற முடியாது. முகமூடியைத் தலையில் வைக்குமுன் அதைக் கும்பிடுகிறார்கள். குரு வந்தனத்தின்போது ஒரு ரிஷியின் முகமூடிக்குப் பூஜை செய்கிறார்கள். அவர் நம் பரத முனிவரேதான்!

இந்தக் கலைக்கும் ஒரு தளர்ந்த காலம் இருந்தது. மறைந்த ராணி சிரிகித் முயன்று, பழைய முறைப்படி முகமூடிகளும் உடைகளும் செய்யவைத்து, 2007 முதல் பெரிய மேடைகளில் கோன் நடக்க வழி செய்தார். 2018-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகின் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அன்றாடம் ஆடுகிறவர்களில் பலருக்குச் சோறு போடுவது இப்படிப்பட்ட விருந்துக் கூடங்கள்தான். ஆகவே விருந்தைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குற்றம் என் கரண்டியில்தான்.

ஆட்டம் முடிந்து வாசலில் கலைஞர்கள் நின்றார்கள். அனுமார் முகமூடியைக் கழற்றியிருந்தார். உள்ளே இருந்தது இருபது வயதுப் பிள்ளை. நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது.

"சாப்பிட்டாயா என்று கேளடி" என்றேன் பெண்ணிடம்.

அவன் சிரித்தான். "எல்லோரும் போனபிறகு" என்றான்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்று வருஷத்துக்கு முன் நடந்த இதே பெண்ணின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அரக்கோணத்தில் எங்கள் பந்தலில் நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். நாங்கள், "அந்த வரிசைக்குப் பாயசம்! இந்த வரிசைக்கு வடை!" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். வாசித்தது என்ன ராகமென்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தவில்காரருக்கும் இலை போட்டது கடைசிப் பந்தியில். பாயசம் தீர்ந்துபோய்விட்டது என்று அப்போது யாரோ சொன்னார்கள்.

கைப்பையைத் திறந்தேன். கற்கண்டுப் பொட்டலத்தை அந்தப் பிள்ளையின் கையில் வைத்தேன். "சாமி பிரசாதம்" என்று என் பெண் சொன்னாள். அவன் அதை நெற்றிக்கு மேல் உயர்த்திக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

கற்கண்டின் கதை

இப்போது அந்தக் கதை. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இளம் வயதில் திருத்தணி மலையில் தியானத்தில் அமர்ந்திருந்தாராம். ஒரு கிழவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டார். வந்தவர் முருகன். அந்த இனிப்பு நாவில் கரையும்போதே 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தீட்சிதரின் முதல் கீர்த்தனம் பிறந்தது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஐதிகம்.

அவருக்கு வாயில் இனிப்பு விழுந்ததும் பாட்டுத் திறந்தது. நமக்கோ வாயில் இனிப்பு விழுந்ததும் காது அடைத்துப் போகிறது!

வருகிற தை மாதம் எங்கள் இளைய பெண்ணுக்குக் கல்யாணம். ஊர் திரும்பியதும் என் வீட்டுக்காரர் பந்திக்கணக்குப் போட உட்கார்ந்தார். "முதல் பந்தியில் முதல் இலை நாதஸ்வர கோஷ்டிக்கு" என்று எழுதச் சொன்னேன். "மாலை வரவேற்பில் அவர்கள் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். அதன் பிறகுதான் சாப்பாட்டுக் கூடம் திறக்கவேண்டும்" என்றேன். "சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ!" என்றார் அவர். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

மாமியாரிடம் பாங்காக் கதை முழுவதையும் சொன்னேன். அனுமாருக்கு மனைவி என்ற இடத்தில் காதைப் பொத்திக்கொண்டார். கற்கண்டைக் கொடுத்துவிட்ட இடம் வந்தபோது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் கேட்டது இதுதான்:

"கற்கண்டு கிடக்கட்டும். அந்தப் பிள்ளை அப்புறம் சாப்பிட்டானாமா?"