புகை உள்ளேயே நிற்கிறதா?

சென்னையில் வானகரத்திலிருந்து அம்பத்தூர் பக்கம் லாரிகளுக்கு நடுவே போகிறவர்களுக்கு, அங்கே தண்ணீரையும் மருந்தையும் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் இருப்பது கண்ணில் படாது. இத்தகைய ஆய்வகங்களில் அமிலம் கொதிப்பது ஃபியூம் ஹூட் எனும் கண்ணாடிக் கூண்டுக்குள். மின்விசிறி இழுக்கும் காற்றோடு நச்சுப்புகை குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடும். போக வேண்டும்.

போகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கண்ணாடிக் கதவைச் சுமார் 45 சென்டிமீட்டர் உயர்த்தி, வாசலின் பல இடங்களில் காற்றின் வேகத்தை அளப்பார்கள். விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருந்தால் நல்லது. கூடினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. வேகம் மிஞ்சினால் நிற்பவரின் மார்புக்கு முன்னே காற்று சுழன்று, புகையை வெளியே இழுத்துவிடும். ஏசி காற்று நேராக வீசினாலும், பின்னால் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலும் இதே கதைதான்.

அதனால், அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு வகுத்த 110ஆம் எண் சோதனை முறையில் கூண்டின் முன்னே ஓர் ஆளுயரப் பொம்மையை நிறுத்துகிறார்கள். உள்ளே நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவைத் திறந்துவிட்டு, பொம்மையின் மூக்கருகே எவ்வளவு கசிகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். (அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் என்பது தனி வேதனை.)

கூண்டு மட்டும் போதாது. 1996இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் ஃபியூம் ஹூட்டில் வேலை செய்தபோதுதான் டைமெத்தில் மெர்குரி எனும் பாதரச நஞ்சு கையுறையில் சிந்தியது. ரப்பரை அது நொடிகளில் ஊடுருவியது. மறு ஆண்டு ஜூனில் அவர் இறந்தார்.

நீங்கள் ஆய்வகத்தில் வேலை செய்பவரா? கூண்டில் ஒட்டியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.