படத்துல ஒரு கலர், கையில ஒரு கலர்... சீன டீ கப்பில் என்ன நடக்கிறது?

ஆன்லைனில் ஆர்டர் போட்ட சீன டீ கப் வந்துவிட்டது. படத்தில் கருநீலம், கையில் இருப்பதோ பழுப்பு, அங்கங்கே வெள்ளிப் புள்ளிகள். உடனே ‘ரிட்டர்ன்’ பட்டனைத் தேடுகிறோமா? கொஞ்சம் பொறுங்க. கையால் செய்து சூளையில் சுட்ட கப் என்றால், செய்தவருக்கே திறக்கும்வரை நிறம் முழுசாகத் தெரியாது. அதைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் அவருக்குத்தான்.

கப்பின் மேல் மினுங்குவது கிளேஸ். மணல், சாம்பல், களிமண் போன்றவற்றோடு கொஞ்சம் இரும்போ செம்போ சேர்த்த குழம்பு. சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் உருகிக் கண்ணாடியாகிறது. விளையாட்டே இங்கேதான். சூளையில் காற்று தாராளமாக இருந்தால் செம்பு பச்சை காட்டும். காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவக்கும். இரும்பு அதிகமுள்ள கிளேஸில் ஆக்சிஜன் குமிழ்கள் கிளம்பி, இரும்பையும் மேலே இழுத்து வரும். குமிழ் உடைந்த இடத்தில் எண்ணெய்த் துளி போலப் புள்ளி நிற்கும். அது வழிந்தால் முயல் ரோமம் போலக் கோடு. தீக்குப் பக்கத்தில் இருந்த கப்பும் மூலையில் இருந்த கப்பும் அக்கா தங்கச்சி மாதிரி. ஜாடை ஒண்ணு, முகம் வேற.

சீனர்கள் இதற்கு வைத்த பெயர் ‘யாவ்பியான்’, அதாவது சூளை மாற்றம். சோங் அரசர்கள் காலத்தில் (960–1279) ஃபுஜியன் பகுதியின் ஜியான் சூளைகளில் சுட்ட கறுப்புக் கிண்ணங்கள்தான் உச்சம். அவற்றில் வானவில் போல மின்னும் மூன்றை ஜப்பான் தேசியப் பொக்கிஷமாகவே அறிவித்திருக்கிறது.

நமக்கு மட்டும் இது புதுசா என்ன? குருவிகுளத்திலிருந்து தென்கிழக்கே போனால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். அங்கே கிடைத்த பழங்காலக் கலங்களில் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்று போகவில்லை என்பது பரவலான விளக்கம். கிளேஸ் கிடையாது, ஆனால் அதே காற்றுக் கணக்கு! இன்று கிளேஸ் கப் வாங்க சீனா வரை போக வேண்டியதும் இல்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்ற பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

சரி, எதைத் திருப்பி அனுப்பலாம்? விரிசலில் டீ கசிந்தால், விளிம்பு உதட்டைக் கிழித்தால் தாராளமாக அனுப்புங்கள். வாங்கும்போதே ஈயம், காட்மியம் இல்லாத கிளேஸா என்று கேளுங்கள். உள்ளே எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். அந்த இடம் வெளுத்தால் கிளேஸ் கரைகிறது. பேனா போட்டு வைக்கத்தான் ஆகும். வெளுக்காவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு லேப் சோதனைதான்.